உடலை மறைக்காத உருவப்படம்: மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் ஓவியச் சேவை குறித்த மதிப்புரை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுபவர்களை எதிரே அமர்த்தி, அவர்களோடு பேசி, அவர்களுடைய உருவப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தரும் ஒரு சிறு ஓவியக் குழுவின் சேவையை அண்மையில் பெற்றேன். குழுவின் ஓவியர்கள் அனைவருமே மாற்றுத்திறனாளிகள். என் படத்தைத் தீட்டியவர் செவித்திறனற்ற ஓர் இளம்பெண். அவருடைய சக ஓவியர் ஒருவர் விரல்களில் பிடிமானம் இல்லாததால் மணிக்கட்டில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைகிறார். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1988-இல் முதுகுத்தண்டுத் தமனி பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்த பிறகு அப்படித்தான் கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு பெரிய பெரிய முகங்களைத் தொடர்ந்து தீட்டினார் என்பதை ஓவியம் அறிந்தவர்கள் நினைவுகூர்வார்கள். குழுவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இத்தகைய சேவையை நாடும் எவரும் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். குறைகளையும் விரிவாகச் சொல்லவிருக்கிறேன்.

நான் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவள். வலது காலில் காலிப்பர் எனப்படும் உலோகத் தாங்கியை அணிகிறேன். வெளியில் செல்லும்போது பெரும்பாலும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறேன். எங்கள் வீட்டுப் புகைப்படங்களில் என் இடுப்புக்குக் கீழே எதுவும் இருக்காது. முன்வரிசையில் ஒரு குழந்தையை நிறுத்துவார்கள், அல்லது என் மடிமேல் ஒரு சேலைத் தலைப்பை விரித்துவிடுவார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக அப்படி எடுக்கப்பட்ட படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, தன் உடலில் பாதி காட்டத் தகாதது என்ற பாடம் ஒரு சொல்லும் இல்லாமலே கற்பிக்கப்பட்டுவிடுகிறது.

உலகின் மிகப் பெரும் பதவியில் இருந்தவருக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் கால்கள் 1921-இல், அவருடைய 39-ஆம் வயதில் செயலிழந்தன. 1933 முதல் 1945 வரை அவர் பதவியில் இருந்த காலத்தில் சக்கர நாற்காலியோடு அவரைக் காட்டும் படங்கள் பொதுவெளிக்கு வராமல் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்டது. 1997-இல் வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் திறக்கப்பட்டபோது, அங்கிருந்த பெரிய சிலையிலும் நீண்ட மேலங்கி ஒன்று நாற்காலியை மூடியிருந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் போராடி, 16.5 லட்சம் டாலர் திரட்டி, ரூஸ்வெல்ட் தம் சக்கர நாற்காலியில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் இன்னொரு சிலையை 2001-இல் அந்த நினைவிடத்தின் நுழைவாயிலில் நிறுவச் செய்தார்கள். அந்தச் சிலைக்கான போராட்டத்தை, சாய்தளத்துக்கும் பேருந்துக்கும் நடக்கும் போராட்டத்திலிருந்து நான் பிரித்துப் பார்ப்பதில்லை. கட்டடத்துக்குள் நுழைய உரிமை வேண்டும் என்று கேட்பவர்கள் படத்துக்குள்ளும் முழு உடலோடு நுழைய உரிமை கேட்கிறார்கள்.

ஆகவே இந்த ஓவியச் சேவையை நான் ஒரே ஓர் அளவுகோலால் மதிப்பிடுகிறேன். படத்தில் என் உடல் எப்படித் தெரிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்? வண்ணத் திறமை, முகச்சாயல், படச்சட்டத்தின் அழகு எல்லாம் அதற்குப் பின்னரே.

முதற்கட்டம் வெறும் உரையாடல். அன்று ஓவியர் கரிக்கோலைக் கையில் எடுக்கவே இல்லை. என்ன நோய், எந்த வயதில் வந்தது, என்ன சிகிச்சை என்று மருத்துவமனைப் பதிவேட்டுக்குக் கேட்பதுபோல் எதையும் அவர் கேட்கவில்லை. எதை மறைக்கக் கூடாது, எதை வரையவே கூடாது, இந்தப் படம் எங்கே மாட்டப்படும், அதை முதலில் யார் பார்க்க வேண்டும், உங்களோடு எப்போதும் இருக்கும் பொருள் எது என்பவையே அவர் கேட்ட கேள்விகள். எதை வரையக் கூடாது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. அதற்கு முன் எவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அறுவைச் சிகிச்சைத் தழும்பு ஒன்றை விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, குறித்துக்கொண்டார்.

இந்த முறைக்கு முன்னோடிகள் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த ஓவியர் ரிவா லெரர் 1958-இல் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர். 1997-இல் அவர் தொடங்கிய ‘சர்க்கிள் ஸ்டோரீஸ்’ என்ற ஓவியத் தொடரில், மாற்றுத்திறனாளிகளான கலைஞர்களையும் அறிஞர்களையும் செயற்பாட்டாளர்களையும், அவர்களோடு விரிவாக உரையாடி, படத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை அவர்களோடு சேர்ந்தே தீர்மானித்து வரைந்தார். பின்னாளில் அவர் தொடங்கிய ‘ரிஸ்க் பிக்சர்ஸ்’ தொடரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அமர்வின் நடுவே தம் ஓவியக்கூடத்தை அமர்ந்திருப்பவரிடமே ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விடுவார். உள்ளே இருப்பவர் அந்த நேரத்தில் படத்தின் மேலேயே எதையும் எழுதலாம், மாற்றலாம். வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் இடையிலுள்ள அதிகாரத்தை இவ்வளவு நேர்மையாகக் கையில் எடுத்துப் பார்த்த ஓவியர் வேறொருவரை நான் அறியேன். நான் சென்ற குழுவினர் அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் படத்தை என் பக்கம் திருப்பி வைத்து, இதில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டார்கள். சொன்னதை மாற்றவும் செய்தார்கள்.

அமர்வுகள் நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் சிறப்பு அதில்தான் இருக்கிறது. ஓவியர் செவித்திறனற்றவர் என்பதால் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் உடனிருந்தார். அவரை எங்கே நிறுத்துவது என்பதற்கே அவர்கள் ஒரு முறை வகுத்திருந்தார்கள். அவர் என் தோளுக்குப் பின்னால், சற்றே இடப்புறமாக நிற்பார். ஓவியர் என்னையும் பெயர்ப்பாளரின் கைகளையும் ஒரே பார்வையில் காண முடியும்; என் முகமும் ஓவியரை விட்டு விலகாது. ஆனாலும் கைகளால் பேசுபவர் அதே கைகளால் வரைந்துகொண்டே பேச இயலாது. எனவே பேச்சும் ஓவியமும் மாறி மாறி நடந்தன. தூரிகையைக் கீழே வைத்தால் பேச்சு. எடுத்தால் முழு அமைதி. உருவப்பட ஓவியர்கள் பலர், அமர்ந்திருப்பவரின் முகம் இறுகிவிடாமல் இருக்க வரைந்துகொண்டே பேச்சுக் கொடுப்பார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லாததால் என் முகம் விறைத்துப் போகுமோ என்று நான் எண்ணியிருந்தேன். நடந்தது நேர்மாறு. பேச்சின்போது அவர் என் முகத்தை இமைக்காமல் பார்த்தார், ஏனெனில் சைகைமொழியில் முகமும் இலக்கணம். புருவம் உயர்வதும் உதடு குவிவதும் பொருள் தருபவை. முகத்தைப் படிப்பதையே வாழ்நாள் பழக்கமாகக் கொண்ட ஒருவர் என்னை வரைந்தார். படத்தில் என் வாயோரத்தில் இருக்கும் ஒரு சிறு இழுப்பு, மனு கொடுக்கப் போன இடத்தில் அதிகாரி காத்திருக்கச் சொல்லும்போது என் முகத்தில் தோன்றுவது என்று என் கணவர் பார்த்தவுடன் சொன்னார்.

அடுத்தது கண்மட்டம். நின்றபடி வரையும் ஓவியர், சக்கர நாற்காலியில் இருப்பவரை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். அந்தக் கோணம் படத்தில் அப்படியே பதியும். நெற்றி பெரிதாகும், கழுத்து சுருங்கும், கண்கள் அண்ணாந்து பார்க்கும். நன்கொடை கேட்கும் சுவரொட்டிகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் முகம் எப்போதும் இப்படி அண்ணாந்தே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்ப்பவரைக் கொடுப்பவராகவும் பார்க்கப்படுபவரைப் பெறுபவராகவும் அந்தக் கோணம் நிறுத்திவிடுகிறது. இந்தக் குழுவினர் அனைவரும் தாழ்வான முக்காலியில் அமர்ந்தே வரைகிறார்கள். ஓவியத்தாங்கியின் உயரமும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருக்கிறது.

இதே முடிவை ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் 1640-களில் எடுத்திருக்கிறார். நான்காம் பிலிப் மன்னரின் அரண்மனையில் கேளிக்கைப் பணியில் இருந்த செபாஸ்டியன் தெ மோரா என்ற குள்ள உருவினரை அவர் தீட்டிய படம் மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோரா தரையில் கால் நீட்டி அமர்ந்திருக்கிறார். காலணிகளின் அடிப்பகுதி நம்மை நோக்கியிருக்கிறது. இறுக மூடிய இரு கைகளும் மடிமேல் உள்ளன. ஓவியர் தம் பார்வையை அவருடைய கண்மட்டத்துக்கு இறக்கியிருப்பதால் அந்தக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. சிரிப்பதற்கோ இரங்குவதற்கோ இடம் தராத பார்வை அது. மிக உயர்ந்த படைப்பு. இருந்தும் தம்மை வரையலாமா என்று மோராவிடம் யாரும் இசைவு கேட்டிருக்க வாய்ப்பில்லை. அரண்மனைப் பணியாளர் மறுக்கும் நிலையிலும் இல்லை. எவ்வளவு கனிவான தூரிகையும் அந்த உரிமைக்கு ஈடாகாது என்பதை இந்தப் படத்தை எண்ணும்போதெல்லாம் உணர்கிறேன்.

இனி படம். பழுப்பு நிற அடிப்பூச்சின் மேல் கரிக்கோலால் வரைந்து, மெல்லிய வண்ணத்தில் தொடங்கிப் படிப்படியாக எண்ணெய் மிகுந்த அடுக்குகளை ஏற்றும் பழைய முறையிலேயே அவர் தீட்டினார். முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தைக் காலிப்பருக்கும் கொடுத்திருக்கிறார் என்பதே நான் முதலில் மெச்சுவது. தோல்பட்டையில் கொக்கி உரசி உரசி வெளுத்த இடம், முழங்கால் மூட்டருகே உள்ள பூட்டின் உலோக மினுக்கம், சக்கரத்தின் கைவளையத்தில் என் உள்ளங்கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்த பகுதி ஆகியவற்றை அவர் உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறார். பல ஓவியங்களில் சக்கர நாற்காலி என்பது பொம்மைக் கடையிலிருந்து எடுத்து வைத்ததுபோல் இருக்கும். அது யாருடையது என்று சொல்ல முடியாது. இந்தப் படத்தில் இருப்பது என் நாற்காலி. அதன் இடப்பக்கத்துச் சிறுசக்கரம் சற்றே வளைந்திருப்பதுகூட அப்படியே இருக்கிறது.

செயற்பாட்டைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. முதல் மாதிரி வரைவில் என் பின்னால் முழுக்க மாற்றுத்திறனாளிப் பெருமிதக் கொடியை அவர் தீட்டியிருந்தார். ஆன் மேகில் என்பவர் 2019-இல் உருவாக்கிய அந்தக் கொடியின் முதல் வடிவத்தில் மின்னல்போல் வளைந்து நெளியும் பட்டைகள் இருந்தன. திரையில் உருட்டிப் பார்க்கும்போது அவை கண்ணில் மினுக்கி, வலிப்பும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்களைப் பாதிப்பதாகப் பலர் சொன்னதால், 2021-இல் கரும்பின்னணியில் மங்கலான ஐந்து நேர்ப்பட்டைகள் கொண்டதாக அதை அவரே மாற்றியமைத்தார். உடல்சார் குறைபாடு, நரம்பியல் வேறுபாடு, வெளியே தெரியாததும் கண்டறியப்படாததுமான குறைபாடு, மனநலக் குறைபாடு, புலன்சார் குறைபாடு ஆகியவற்றை முறையே சிவப்பு, பொன்னிறம், வெள்ளை, நீலம், பச்சை என்ற ஐந்து நிறங்கள் குறிக்கின்றன. குறை கேட்டவுடன் தன்னையே திருத்திக்கொண்ட கொடி என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு மிகுதி. ஆனாலும் அதை என் பின்னால் முழுச் சுவராக நிறுத்தியபோது படம் ஊர்வலப் பதாகை ஆகிவிட்டது. நான் யாராக இருந்தாலும் அங்கே பொருந்தியிருப்பேன். அதை நீக்கச் சொன்னேன். தயக்கமின்றி நீக்கினார். அந்த ஐந்து நிறங்களையும் என் கைத்தறிப் புடவையின் கரையில், தெரிந்தவர்களுக்குத் தெரியும்படி, மெல்லிய இழைகளாகச் சேர்த்தார்.

கொடிக்குப் பதிலாக என் மடியில் ஒரு கோப்பு வந்து அமர்ந்தது. மனு நகல்கள், தபால் ஒப்புகைச் சீட்டுகள், பதில் வராத நினைவூட்டல் கடிதங்கள், முத்திரை குத்திய பக்கங்கள் ஆகியவை அடங்கிய, நாடாவால் கட்டப்பட்ட பருத்த கோப்பு. எங்கள் வேலையில் முழக்கமிடும் நாள்கள் குறைவு. காகிதத்தோடு காத்திருக்கும் நாள்களே மிகுதி. அந்த உண்மையை ஓவியர் புரிந்துகொண்டு, ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்தையும் தனித்தனி நிறத்தில், பழையது மஞ்சளாகவும் புதியது வெண்மையாகவும் தீட்டியிருப்பது படத்தின் மிகச் சிறந்த பகுதி என்பேன். செயற்பாட்டாளரைப் பெருமைப்படுத்துவது என்றால் முட்டி உயர்த்திய கையை வரைவது என்ற எளிய வழியை அவர் நாடவில்லை.

பெருமிதம் என்ற சொல்லைக் கேட்டதும் புன்னகையை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு முதுகுவலி உண்டு; மாலை நேர அமர்வுகளில் அது முகத்தில் தெரிந்திருக்கும். அதை அழகுபடுத்தி நீக்கவும் இல்லை, இரக்கம் தேடும் அளவுக்குப் பெரிதாக்கவும் இல்லை. மெக்சிகோவின் பிரிடா காலோ ஆறு வயதில் இளம்பிள்ளைவாதத்தாலும் 1925-இல் பேருந்து விபத்தாலும் பாதிக்கப்பட்டவர். 1944-இல் அவர் தீட்டிய ‘உடைந்த தூண்’ படத்தில் உடலெங்கும் ஆணிகளும் கன்னத்தில் கண்ணீரும் இருக்க, கண்கள் மட்டும் பார்ப்பவரை விட்டு விலகாமல் நிற்கும். 1951-இல் தம் மருத்துவர் பாரிலின் உருவப்படத்தின் அருகே தாம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பதாக வரைந்த படத்தில் தூரிகைகளைக் கையில் பிடித்திருப்பார். நோயாளியாக மட்டும் அல்லாமல் ஓவியராகவும் அங்கே இருப்பார். வலி இருந்தும் பெருமிதம் இருக்கலாம், வலியைச் சொல்வதாலேயே பெருமிதம் குறையாது என்பதை ஏற்கும் ஓவியரே இந்தப் பணிக்கு ஏற்றவர். என் ஓவியர் அதை ஏற்றவர்.

இதே குழுவிடம் படம் வரைந்துகொண்ட என் தோழி ஒருவரின் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். பார்வையற்றோரின் வேலைவாய்ப்பு உரிமைக்காக நெடுங்காலமாக உழைப்பவர். புகைப்படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் “இந்தப் பக்கம் பாருங்கள்” என்று அவருக்குச் சொல்லப்படும். அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பியவர்களும் உண்டு. உருவப்படம் என்றால் கண்கள் பார்ப்பவரைச் சந்திக்க வேண்டும் என்ற மரபு பார்வையுள்ளவர்களால் அமைக்கப்பட்டது. இங்கே அவருடைய கண்களை யாரும் திருத்தவில்லை. அவர் ஒருவர் பேசுவதைக் கவனிக்கும்போது காதைத்தான் அந்தத் திசைக்குக் கொடுப்பார். முகம் வேறெங்கோ இருக்கும். அவர் கவனிக்கும் அந்த நிலையிலேயே படம் அமைந்திருக்கிறது. படத்தோடு கூடவே, முக்கியக் கோடுகளும் பரப்புகளும் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு நகல் ஒன்றும், ஓவியரே சொல்லி, பெயர்ப்பாளர் குரல் கொடுத்த ஒலிவழி விளக்கமும் அவருக்கு வழங்கப்பட்டன. 2015-இல் பிராடோ அருங்காட்சியகம் ஆறு ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து பார்வையற்றவர்கள் தொட்டு அறியும்படி காட்சிக்கு வைத்தது. அது பெரிய அருங்காட்சியகத்தின் முயற்சி. ஒரு சிறு குழு தனிமனிதருக்காக அதைச் செய்வது பாராட்டத் தக்கது. ஆனால் புடைப்பு நகலில் தம் மூக்கும் நெற்றியும் நன்றாக விளங்கியதாகவும், புடவை மடிப்புகள் வெறும் குழப்பமாக இருந்ததாகவும் தோழி சொன்னார். கண்ணுக்கு அழகாகத் தெரியும் எல்லாக் கோடுகளையும் விரலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை; எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி குழுவுக்கு இன்னும் தேவை. நகலை இறுதி செய்யும் முன்னரே அவருடைய விரல்களுக்கு அதை ஒருமுறை கொடுத்திருந்தால் இந்தக் குறை நேர்ந்திருக்காது.

ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் படத்தையும் அங்கே கண்டேன். அவர் நெடுநேரம் ஓரிடத்தில் அமர்வதில்லை என்பதால், அவர் நடமாடும்போதே எடுத்த பல சிறு கோட்டுருவங்களிலிருந்து அந்தப் படம் உருவாகியிருக்கிறது. அதில் கைகள் அசைவில் இருக்கின்றன. அசைவை அடக்கி உட்கார வைக்கவில்லை என்பதை அறிந்தபோது குழுவின் மீது என் மதிப்பு உயர்ந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஓவியக்கூடத்தின் வாசலில் நல்ல சாய்தளம் இருக்கிறது. உள்ளே கழிப்பறையின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இல்லை. நீண்ட நேரம் அமர வேண்டிய சேவையில் இது சிறு குறை அன்று. பெண்கள் இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்று எங்களில் பலருக்குத் தெரிந்த துன்பம். வாடகைக் கட்டடம், உரிமையாளர் இசையவில்லை என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தை ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்டுச் சலித்தவர்கள் நாங்கள். எஞ்சிய அமர்வுகளை என் வீட்டிலேயே நடத்தினார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. இருந்தாலும் முன்பதிவின்போதே இதை அவர்கள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை சொற்களில் வந்தது. படம் நிறைவடைந்ததும் குழுவின் அலுவலகத்தில் தயாரித்த அறிமுகக் குறிப்பில், உடற்குறையை வென்று சாதித்த பெண்மணி என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் என் காலோடு போரிடவில்லை. படிக்கட்டுகளோடும் விதிகளை நடைமுறைப்படுத்தாதவர்களோடும்தான் போரிடுகிறேன். அமர்வுகளில் இவ்வளவு நுட்பமாக நடந்துகொண்ட ஒரு குழு, படத்துக்கு அடியில் மட்டும் பழைய வாய்பாட்டை ஒட்டியது எனக்கு வருத்தம் அளித்தது. படம் பேசும் மொழியும் குறிப்பு பேசும் மொழியும் வேறுவேறாக இருந்தால், வருபவர்களில் பெரும்பாலோர் குறிப்பைத்தான் நம்பிச் செல்வார்கள். எடுத்துச் சொன்னதும் மாற்றினார்கள். மாற்றிய குறிப்பை ஓவியரும் நானும் சேர்ந்து எழுதினோம். குறிப்பும் படத்தின் ஒரு பகுதி என்று கருதி, அமர்ந்தவரின் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியிடுவதில்லை என்ற விதியை அவர்கள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. ஒப்பந்தத்தில், படத்தின் உருவை விளம்பரத்துக்கும் நிதி திரட்டுவதற்கும் குழுவினர் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. காப்புரிமை ஓவியரிடம் இருப்பது முறையே. அது அவருடைய உழைப்பு. ஆனால் என் முகமும் காலும் எந்த வாசகத்தின் மேல், யாரிடம் பணம் கேட்கும் தாளில் அச்சாகும் என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாமா? ‘நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளி இயக்கங்களின் முழக்கம். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு எங்களைப் பற்றிய தவறான பிம்பங்களை அகற்றும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. 30-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் எங்கள் உரிமையைப் பேசுகிறது. மாற்றுத்திறனாளி ஓவியர்களே நடத்தும் சேவையின் ஒப்பந்தம் அந்த உணர்வுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று. நான் அந்தப் பிரிவை அடித்துவிட்டு, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே என் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று எழுதினேன். மறுப்பின்றி ஏற்றார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வரையும்போது இசைவு பெறப் பட அட்டைகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்; நல்ல முறைதான், ஆனால் வரைவதற்கான இசைவு வேறு, வெளியிடுவதற்கான இசைவு வேறு. இரண்டையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடக் கூடாது.

காலத்தாமதம் உண்டு. எண்ணெய் வண்ணம் அடுக்கடுக்காகக் காய வேண்டும்; இறுதி மெருகெண்ணெய் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது வழக்கம். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. இடைப்பட்ட காலத்தில் எந்தத் தகவலும் தராமல் இருந்ததைத்தான் குறையாகச் சொல்வேன். கட்டணம் வருமானத்துக்கேற்ப மாறுகிறது. பெயர்ப்பாளரின் ஊதியம் அதிலேயே அடங்கிவிடுகிறது, அமர்பவரிடம் தனியே வாங்குவதில்லை.

படத்தை மாட்டும் உயரம் குறித்தும் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு மாட்டுவது காட்சிக்கூடங்களில் பரவலான வழக்கம். நிற்பவர்களின் கண்மட்டத்துக்கு அது பொருந்தும். சக்கர நாற்காலியில் இருக்கும் பலரின் கண்மட்டம் 110 முதல் 125 செ.மீ. அளவிலேயே இருக்கும். என் படம் இப்போது எங்கள் சங்க அலுவலகத்தில் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நிற்பவர்கள் சற்றுக் குனிந்து பார்க்கிறார்கள்.

மொத்தத்தில் இந்தச் சேவையை, உரிமைப் பணியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், தம் முன்னோடிகளின் படத்தை அலுவலகத்தில் மாட்ட விரும்பும் சங்கங்களுக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஓவியரின் திறமைக்கும் அமர்வுகளின் கண்ணியத்துக்கும் முழு மதிப்பெண் தருவேன். அலுவலக நடைமுறைக்குப் பாதிக்கு மேல் தர இயலாது. முன்பதிவு செய்யும்போதே கழிப்பறை வசதி பற்றிக் கேளுங்கள், வீட்டில் அமர்வு நடத்தும் வாய்ப்பு உண்டு என்பதை அவர்களாகச் சொல்வதில்லை. பார்வையற்றவர்கள் புடைப்பு நகலின் முதல் மாதிரியைத் தம் விரல்களால் சரிபார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தரலாம். படத்துக்கான குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். பட உரிமை குறித்த பிரிவைக் கையெழுத்துக்கு முன் முழுமையாகப் படித்து, வேண்டிய திருத்தத்தை அந்தத் தாளிலேயே எழுதி, இரு தரப்பும் அதன் அருகில் கையொப்பமிட்ட பிறகு முதல் அமர்வுக்கு நாள் குறியுங்கள்.